டிராக்டருக்கு அத்தனை பக்கம், வாலன்டினாவுக்கு எத்தனை? ஒரு நாவல் விமர்சனம்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அந்த அரையைக் கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் இழுத்தேன், ஏன் இழுத்தேன் என்பதுதான் கீழே முழுக்க வரப்போகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள், முந்நூற்றுச் சொச்சம் பக்கம், இரண்டு ராத்திரியில் ஓடிவிடும், சிரிப்புக்கு நான் பொறுப்பு. மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

மரினா லெவிட்ஸ்கா ஆங்கிலத்தில் எழுதி 2005இல் வெளிவந்த நாவல். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘உக்ரேனிய மொழியில் டிராக்டர்களின் சுருக்கமான வரலாறு’. கிண்டல் இல்லை, அதுதான் தலைப்பு. நான் எடுத்தது பழைய புத்தகக் கடையில், நூற்றைம்பது ரூபாய், உள்ளே யாரோ யாருக்கோ எழுதிய பிறந்தநாள் வாழ்த்தும் இலவசம். பில் போட்டவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘சாருக்கு விவசாயமா?’ என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன், விளக்கிக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும்.

எனக்கு இந்தப் புத்தகத்தில் என்ன அக்கறை என்றால், அக்கா மகன் 2018இல் தெர்னோபிலுக்கு மருத்துவம் படிக்கப் போனான். அப்போது வீட்டில் நடந்த முதல் ரகளையே ஊர்ப் பெயரால் வந்தது. அக்காவுக்கு அது செர்னோபில் என்று காதில் விழுந்துவிட்டது. அணு உலை வெடித்த ஊருக்கா பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்று அத்தானோடு இரண்டு நாள் பேச்சில்லை. மேப்பைத் திறந்து, அது வடக்கே பெலாரூஸ் எல்லைப் பக்கம், இது மேற்கே, ஊர் நடுவில் பெரிய ஏரி, நம் பிள்ளைகளும் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள் என்று காட்டியபிறகுதான் சமாதானம். உக்ரைன் என்றால் எங்கள் வீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரே ஒரு சொல்தான். அதுவும் தப்பான ஊர்.

இந்த நாவலின் வில்லி வாலன்டினா தெர்னோபிலிலிருந்து வருகிறவள். அவன் ஊர்க்காரி. அதனால்தான் வாங்கினேன்.

கதையை முதல் அத்தியாயமே சொல்லிவிடுகிறது, அதனால் நான் சொல்வதில் தப்பில்லை. இங்கிலாந்தில் பீட்டர்பரோவில் நிகோலாய் என்று ஒரு ஓய்வு பெற்ற எஞ்சினியர், வயது 84, போருக்குப் பிறகு குடியேறிய உக்ரேனியர், தலைப்பில் இருக்கும் டிராக்டர் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பவர் இவர்தான். மனைவி இறந்து இரண்டு வருஷம். அவர் 36 வயது வாலன்டினாவைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று போனில் அறிவிக்கிறார். பொன்னிறத் தலைமுடி, விவாகரத்து ஆனவள், ஒரு பையன் உண்டு, விசா முடியப்போகிறது. அம்மாவின் உயில் விஷயத்தில் சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த இரண்டு மகள்கள், மூத்தவள் வேரா, இளையவள் நதேழ்தா, இப்போது ‘அவளைத் துரத்து’ என்ற ஒரே கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். கதை சொல்வது நதேழ்தா, சமூகவியல் சொல்லிக்கொடுப்பவள், இடதுசாரி, பெண்ணியவாதி. இது முக்கியம், அப்புறம் வருகிறேன்.

சிரிப்பு எங்கே என்றால், பொருள்களில். வாலன்டினாவுக்குக் காஸ் அடுப்பு வேண்டும், அதுவும் பழுப்பு நிறத்தில்தான் வேண்டும். கௌரவமான கார் வேண்டும், கடைசியில் ஓடாத ஒரு ரோல்ஸ் ராய்ஸ் வீட்டு முன்னால் புல்தரையில் வந்து படுத்துக்கொள்கிறது. சமையல் என்றால் பையோடு வெந்நீரில் போட்டு எடுக்கும் சமாசாரம். கிழவர் இவள் கேட்டதற்கெல்லாம் பென்ஷனைக் கரைத்துக்கொண்டு, மகள்களிடம் கடன் கேட்டுக்கொண்டு, ஒரு கட்டத்தில் அவளுக்குப் பயந்து அறைக்குள் ஒளிந்துகொண்டு கிடக்கிறார். ஆமாம், அவள் அவரை ஈரத்துண்டால் அடிக்கிறாள், தண்ணீரை ஊற்றுகிறாள். சிரித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் தொண்டையில் சிக்கும்.

இதெல்லாம் ஒரு பெண்ணின் குணம் என்று எடுத்துக்கொண்டால் பரவாயில்லை, எந்த நாட்டிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். சிக்கல் என்னவென்றால் வாலன்டினா தனியாக வரவில்லை. அவளுக்கு முன்னும் பின்னும் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது.

அமெரிக்க டிவியில் உக்ரைன்காரன் என்றால் சிரிக்க ஒருவன். ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் 1995இல் ஒரு காட்சி: இரண்டு பேர் மெட்ரோ ரயிலில் ‘ரிஸ்க்’ என்ற நாடு பிடிக்கும் ஆட்டத்தின் வரைபடப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உக்ரைன் பலவீனமான இடம் என்று பேச, பக்கத்தில் நின்றவர் நான் அந்த நாட்டுக்காரன் என்று கொதித்துப்போய்ப் பலகையை ஒரே குத்தில் சிதறடிப்பார். நாடு தனியாகி நான்கு வருஷம்கூட ஆகாத நேரம். (2022க்கு அப்புறம் அந்தத் துண்டு மறுபடி ஊரெல்லாம் சுற்றியது, ஆனால் சிரித்தவர்கள் இந்தத் தடவை பலகையைக் குத்தியவர் பக்கம்.) ‘டூ ப்ரோக் கேர்ள்ஸ்’ என்று 2011 முதல் 2017 வரை ஓடிய தொடரில் ஓட்டல் சமையல்காரன் ஓலெக், உக்ரைன்காரன், அவனுக்கு எழுதிக்கொடுத்திருந்த வேலை அடுப்படி ஜன்னல் வழியாக ஆபாசமாகப் பேசுவது. 2021 டிசம்பரில் வந்த ‘எமிலி இன் பாரிஸ்’ இரண்டாவது சீசனில் பெட்ரா என்று ஒருத்தி, கீவிலிருந்து வந்தவள், கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் கையில் கிடைத்ததைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. உக்ரைனின் அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஒலெக்சாந்தர் த்காசென்கோ இது எங்கள் பெண்களைக் கேலிச்சித்திரம் ஆக்குகிறது, அவமானம் என்று டெலிகிராமில் எழுதினார். அமைச்சருக்கு வேறு வேலை இல்லையா என்று அன்றைக்குச் சிரித்த கூட்டத்தில் நானும் உண்டு. அவர் எழுதி இரண்டு மாதம் முடிவதற்குள் போர் வந்துவிட்டது.

இவையெல்லாம் தெரியாத தூரத்திலிருந்து எழுதியவை. பக்கத்து வீட்டிலிருந்து எழுதியது இன்னும் சுவாரசியம். ரஷ்யர்களின் ஜோக்கில் உக்ரைன்காரன் என்றால் தந்திரக்காரன், கஞ்சன், உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பை உயிராக மதிப்பவன். அந்தக் கொழுப்புக்கு சாலோ என்று பெயர், அது இல்லாமல் ஜோக்கே கிடையாது. அவனைக் குறிக்க ‘கொஹோல்’ என்று ஒரு வசைச்சொல் வேறு. 2000இல் வந்த ‘பிராட் 2’ என்ற ரஷ்யப் படத்தில் சிகாகோவில் இருக்கும் உக்ரேனியர்கள் ரவுடிகள், ரஷ்யக் கதாநாயகன் பக்கம் அவர்களைச் சுட்டுத் தள்ளுவதற்கு அரங்கில் கைதட்டல். 2015இல் உக்ரைன் அந்தப் படத்துக்குத் தடை போட்டது. இது பகை, பார்த்த உடனே தெரிந்துவிடும்.

என்னை அதிகம் உறுத்துவது அன்பான வகை. 2004இல் மாஸ்கோவில் ஒரு டிவி தொடர் எடுத்தார்கள், அமெரிக்காவின் ‘தி நானி’யை உரிமம் வாங்கி ரஷ்யாவுக்கு ஏற்ப மாற்றியது. மூலத்தில் நாயகி நியூயார்க் குவீன்ஸைச் சேர்ந்த யூதப் பெண், மூக்கால் பேசுவாள், பளபளவென்று உடுத்துவாள், பணக்கார வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருவாள். மாஸ்கோவில் அதற்கு யாரைப் போடுவது? உக்ரைனின் மரியுபோலிலிருந்து வந்த விக்கா. யோசித்துப் பாருங்கள், ‘சத்தமாகப் பேசும், நாகரிகம் தெரியாத, ஆனால் மனசு தங்கமான வெளியூர்க்காரி’ என்று ஒரு காலி இடம் இருக்கிறது, அந்த இடத்தில் உக்ரேனியப் பெண்ணை வைத்தால் ஒரு வரி விளக்கம்கூடத் தேவையில்லை, ரஷ்யா முழுக்கப் புரிந்துவிடும். உச்சரிப்பிலேயே பாதிச் சிரிப்பு. மாஸ்கோக்காரர்கள் ‘கங்கை’யின் முதல் எழுத்தைப் போல அழுத்திச் சொல்லும் ஒலியை தெற்கத்திக்காரர்கள் ‘ஹ’ மாதிரி இளக்கிச் சொல்வார்கள், விக்காவும் அப்படித்தான். தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. கோடிக்கணக்கான பேருக்கு மரியுபோல் என்றாலே சிரிப்பு வரும்படி ஆனது அந்தத் தொடரால்தான். யாரும் அதில் கெட்ட எண்ணம் வைத்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. 2022 மார்ச் 16 அன்று அதே மரியுபோலின் நாடக அரங்கின் மேல் குண்டு விழுந்தபோது, வெளியே தரையில் ‘குழந்தைகள்’ என்று வானத்திலிருந்து தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். ரஷ்ய மொழியில்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். லெவிட்ஸ்காவை இந்த வரிசையில் அப்படியே நிறுத்திவிட முடியாது. அவர் தூரத்துக்காரர் இல்லை. நாஜிகள் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன உக்ரேனியப் பெற்றோருக்கு 1946இல் ஜெர்மனியின் கீல் நகரத்து அகதி முகாமில் பிறந்தவர், இங்கிலாந்தில் வளர்ந்தவர், ஷெஃபீல்டில் விரிவுரையாளராக இருந்தவர், முதல் நாவல் வெளிவந்தபோது ஐம்பத்தெட்டு வயது. உக்ரைனிலிருந்து மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இப்படி ஜெர்மனிக்கு வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் கதை நாவலுக்குள் இருக்கிறது, அக்கா வேராவின் சின்ன வயது முகாம் நாட்களாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வருகிறது. நான் மூன்றுக்குக் கீழே மார்க் போகாமல் பிடித்து வைத்த இடம் அதுதான், அப்புறம் அம்மாவின் ஜாடிகள்.

அம்மா லுத்மிலா கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டவர். ஆனால் வீட்டில் எங்கே திரும்பினாலும் அவர் போட்டு வைத்த ஊறுகாய், பழக்கூழ், உலர்ந்த பூண்டு, கட்டிலுக்கு அடியில் டின் டின்னாக உணவு. 1932–33 பஞ்சத்தைப் பார்த்த பெண். ஸ்டாலின் ஆட்சியில் தானியத்தை வீடு புகுந்து பிடுங்கிக்கொண்டு போனதால் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரேனியர்கள் பட்டினியால் செத்த பஞ்சம், ஹொலொதொமோர் என்பார்கள். பீட்டர்பரோவில் சூப்பர் மார்க்கெட் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் அவரால் ஒரு பிளம்ஸ் பழத்தை மரத்தடியில் அழுக விட முடியாது. இதைப் படித்தபோது அக்கா மகன் சொல்லிக் கேட்ட அவனுடைய வீட்டுக்காரம்மா ஞாபகம் வந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரு அறையை இவனுக்கும் இன்னொரு பையனுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார். பஞ்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பால்கனி முழுக்க மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடிகள், வெள்ளரிக்காய், தக்காளி, செர்ரி. இவன் முதல் மாதம் காய்ந்துபோன ரொட்டித் துண்டைக் குப்பையில் போட்டிருக்கிறான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். ‘திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை மாமா’ என்றான். அதற்கப்புறம் அவர் வேகவைத்துக் கொடுக்கும் வரேனிகி, அதாவது உள்ளே உருளைக்கிழங்கு வைத்த உப்புக் கொழுக்கட்டை, ஒன்றுகூட மிச்சம் வைத்ததில்லையாம்.

தலையில் துண்டு கட்டிய, ஊறுகாய் போடும், குல்லா போடாமல் போனால் அதட்டும் பாட்டி. இதுவும் ஒரு அச்சுதான், தெரியும். அவர் தலையில் துண்டு கட்டியதே இல்லை, முடியைக் குட்டையாக வெட்டிச் சிவப்புச் சாயம் போட்டிருப்பார், வைபர் என்ற போன் ஆப்பில் நாள் முழுக்க யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று அவன் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

இந்த வீட்டுக்காரம்மாவின் மகள் இருப்பது இத்தாலியில், நேப்பிள்ஸில். என்ன வேலை? வயதானவர் ஒருவரைப் பார்த்துக்கொள்வது. குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, ராத்திரி கூடவே இருந்து. தெர்னோபில் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கும் கதை. சோவியத் யூனியன் உடைந்து ஆலைகள் மூடியபோது மேற்கு உக்ரைனின் பெண்கள் கூட்டம் கூட்டமாக இத்தாலிக்குப் போனார்கள். இன்றைக்கு இத்தாலியில் இருக்கும் உக்ரேனியர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பங்கு பெண்கள். இத்தாலிக்காரர்கள் அவர்களை பதான்தே என்கிறார்கள், கவனித்துக்கொள்பவள் என்று அர்த்தம். வியாழக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமையும் லீவு, அன்றைக்குப் பூங்காக்களில் கூடி உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கு மினி பஸ்ஸில் பார்சல் போகும். வீட்டுக்காரம்மாவுக்கு வரும் பார்சலை பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று மாடி தூக்கிக்கொண்டு வருவது இவன் வேலை, அதற்குக் கூலி ஒரு பாக்கெட் காப்பித்தூள். வருஷக்கணக்கில் பிள்ளைகளைப் பிரிந்து இப்படி வேலை செய்து திரும்பும் பெண்களுக்கு வரும் மனச்சோர்வுக்கு ‘இத்தாலி நோய்க்குறி’ என்று உக்ரேனிய மனநல மருத்துவர்கள் 2005இல் பெயரே வைத்தார்கள். இந்த நாவல் வெளிவந்த அதே வருஷம்.

அந்த அரை நட்சத்திரச் சிக்கல் இங்கேதான். வாலன்டினாவும் வேலை செய்கிறாள். முதியோர் இல்லத்தில். நாவலில் அது இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அவளுடைய மார்பு, உள்ளாடை, லிப்ஸ்டிக், செருப்பு, காருக்கெல்லாம் கிடைக்கும் வர்ணனையில் பத்தில் ஒரு பங்குகூட அந்த வேலைக்குக் கிடையாது. அவள் ஒரு ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருவதை, முன்பின் தெரியாத கிழவர்களின் படுக்கை விரிப்பை மாற்றுவதை, அந்தக் கையோடு வீட்டுக்கு வந்து இன்னொரு கிழவரைப் பார்ப்பதை, ஒரு காட்சியாக எழுதியிருந்தால் அவள் வில்லியாகவே இருந்திருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஈரத்துண்டு அடிகூட வேறு மாதிரி கனத்திருக்கும். கிழவரைக் கட்டிக்கொண்டு பாஸ்போர்ட் வாங்கப் பார்ப்பவள் ஒருத்தி என்றால் கிழவரைக் கழுவித் துடைத்துச் சம்பளம் வாங்குபவர்கள் லட்சம் பேர், ஆனால் சிரிப்புக் கதைக்கு அந்த லட்சம் பேர் தோதுப்பட மாட்டார்கள்.

அடுத்து அவள் பேச்சு. கிழவர் மகள்களோடு உக்ரேனிய மொழியில் பேசுவதை நதேழ்தா நமக்கு ஆங்கிலத்தில் தரும்போது அது பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும் பேச்சு, கொஞ்சம் பழைய வாத்தியார் தோரணையோடு. வாலன்டினா வாயைத் திறந்தால் பெரும்பாலும் உடைந்த ஆங்கிலம், வினைச்சொல் ஒரு பக்கம், எழுவாய் ஒரு பக்கம். அது உண்மைதான், புதிதாக வந்தவள் அப்படித்தான் பேசுவாள். படிக்கும்போது நானும் சத்தமாகச் சிரித்தேன், அவளுடைய வசவுகள் தனி ரகம். ஆனால் அவள் தன் மொழியில் யோசிக்கிற பெண்ணும்தானே? மகன் ஸ்தானிஸ்லாவுக்கு இங்கிலாந்துப் படிப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் என்று கதையே சொல்கிறது. அந்தத் தாய் ராத்திரி மகனோடு உக்ரேனிய மொழியில் என்ன பேசியிருப்பாள் என்று ஒரு பக்கம் இல்லை. டிராக்டர்களுக்கு ஒரு வரலாறே இருக்கிறது, வாலன்டினாவுக்கு ஓர் அத்தியாயம் இல்லை.

நியாயமாகவும் இருக்க வேண்டும். லெவிட்ஸ்காவுக்கு இது தெரியாமல் இல்லை. நதேழ்தாவை அவர் விட்டுவைக்கவில்லை. குடியேறிகளுக்காகக் கொடி பிடித்த பெண், தன் அப்பாவின் வீட்டுக்கு ஒருத்தி வந்ததும் உள்துறை அமைச்சகத்துக்கு அவளை நாடு கடத்தச் சொல்லிக் கடிதம் எழுத உட்காருகிறாள், தானும் அகதியின் மகள் என்பது அந்த நேரத்தில் மட்டும் மறந்துவிடுகிறது. அந்த அத்தியாயங்கள் அருமை. 1940களில் வந்த அகதி மரியாதைக்குரியவர், 1990களில் வந்தவள் பிழைப்புக்காரி என்று ஒரே நாட்டுக்காரர்களுக்குள்ளேயே கோடு போட்டுக்கொள்வதை இவ்வளவு தெளிவாக வேறு எங்கும் நான் படித்ததில்லை. அப்புறம் துபோவ் வருகிறார், வாலன்டினாவின் முன்னாள் கணவர், படித்தவர், மென்மையானவர். அவர் அவளைப் பற்றிப் பேசும் சில பக்கங்களில் மட்டும் நமக்கு வேறு ஒரு வாலன்டினா கண்ணில் பட்டு மறைகிறாள். கிழவரும் துபோவும் எஞ்சினியரிங் பேச ஆரம்பித்துச் சிநேகிதர்கள் ஆகிவிடுவது நாவலின் நல்ல தமாஷ். கடைசியில் என்ன ஆகிறது என்று சொல்லவில்லை, ரோல்ஸ் ராய்ஸை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பெயர்களிலும் எனக்கு ஒரு சின்னக் குடைச்சல். நிகோலாய், வேரா, நதேழ்தா, எல்லாம் ரஷ்ய வடிவம். உக்ரேனிய மொழியில் மிகோலா, வீரா, நதீயா. குடும்பப் பெயர் மட்டும் உக்ரேனிய வடிவில் நிற்கிறது. அந்தத் தலைமுறையில் இப்படிக் கலந்து கிடந்தது சகஜம், ரஷ்ய வடிவத்தில் பதிந்தால்தான் பள்ளிக்கூடம், உத்தியோகம் என்று இருந்த காலம், அதனால் இதைப் பிழை என்று சொல்லவில்லை. 2005இல் யாரும் கவனிக்கவும் இல்லை. இன்றைக்குப் படித்தால் கண்ணில் படுகிறது.

டிராக்டர் பகுதிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கிழவர் எழுதும் வரலாறு அங்கங்கே வரும், இளைய மருமகன் மைக்கை உட்கார வைத்து, வீட்டில் போட்ட பிளம்ஸ் ஒயினை ஊற்றிக் கொடுத்து வாசித்துக் காட்டுவார். ஜான் ஃபவுலரின் நீராவிக் கலப்பை, ஹாரி ஃபெர்குசனின் டிராக்டர், டிராக்டரின் சங்கிலிச் சக்கரம் டாங்கிக்குப் போன கதை. முதலில் கிழட்டுப் பிடிவாதம் மாதிரி இருக்கும். போகப் போக, நாடே இதற்குள் இருக்கிறது என்று புரியும். கார்கிவில் மாபெரும் டிராக்டர் ஆலை 1931இல் திறந்தார்கள். கூட்டுப் பண்ணையில் சேருங்கள், டிராக்டர் வரும் என்பதுதான் விவசாயிக்குக் காட்டிய ஆசை. டிராக்டர் அரசு நிலையத்தின் கையில், நிலமும் போயிற்று, அடுத்த வருஷம் பஞ்சம். எஞ்சினியரான கிழவர் அந்த இயந்திரத்தை வெறுக்கவும் முடியாமல் கொண்டாடவும் முடியாமல் எழுதுகிறார். 2022இல் ரஷ்ய டாங்கியை உக்ரேனிய விவசாயி டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போகும் வீடியோக்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அந்த நாட்டு அஞ்சல் துறை அதைத் தபால்தலையாகவே போட்டது. டிராக்டர் டாங்கி ஆன கதையை எழுதிய நிகோலாய் இருந்திருந்தால் கடைசி அத்தியாயம் கிடைத்த சந்தோஷத்தில் குதித்திருப்பார். அதோடு ஒரு புது அச்சும் பிறந்துவிட்டது: எதற்கும் அஞ்சாத, ஜோக் அடிக்கும், டிராக்டர் ஓட்டும் உக்ரேனியன். வாலன்டினாவைவிட நல்ல அச்சுதான், இருந்தாலும் அக்கா மகனின் வகுப்புத் தோழர்கள் யாரும் டிராக்டரில் ஏறியதே இல்லையாம். ராத்திரி முழுக்க ‘ஸ்டால்கர்’ கேம் ஆடுவார்களாம். செர்னோபில் மண்டலத்தை வைத்துக் கீவ் கம்பெனி ஒன்றே தயாரித்தது. வெளிநாட்டுக்காரன் செர்னோபிலை வைத்துப் பேய்ப்படம் எடுத்தால் எரிச்சல், தன் ஊர்க்காரன் எடுத்தால் தூக்கம் தொலைத்து ஆடுவது. எனக்குப் புரிகிறது.

பரிசுகள் பற்றியும் ஒரு வார்த்தை. நகைச்சுவை நாவலுக்கான வுட்ஹவுஸ் பரிசு 2005இல் இதற்குத்தான், அதை வாங்கிய முதல் பெண் லெவிட்ஸ்கா. அந்தப் பரிசில் ஒரு வழக்கம் உண்டு, ஜெயித்த புத்தகத்தின் பெயரை ஒரு பன்றிக்கு வைப்பார்கள். உக்ரேனியர் நாவலின் பெயரில் ஒரு பன்றி, சாலோ ஜோக் எழுதுகிற ரஷ்யனுக்குக்கூட இது தோன்றியிருக்காது. கீவில் வாழும் நாவலாசிரியர் அந்திரேய் குர்கோவ் அந்த வருஷமே இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையில் இதை விமர்சித்து எழுதினார், அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கிலாந்து வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்ததையும் கீவிலிருந்து ஒருவர் முகம் சுளித்ததையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் என் மூன்றரை எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

கதையைச் சுருக்கி அக்கா மகனிடம் சொன்னேன். 2022இல் செர்னிவ்ட்ஸி வழியாக ருமேனியா எல்லைக்குப் போய் ஊர் வந்து சேர்ந்தவன், வேறு நாட்டில் படிப்பை முடித்துவிட்டான், வீட்டுக்காரம்மாவோடு இன்னும் வைபரில் தொடர்பு. அவரிடம் சொல்லிப் பார் என்றேன், சொல்லியிருக்கிறான். ரோல்ஸ் ராய்ஸுக்குச் சிரித்தாராம். 84க்கு 36 என்றதற்கு ‘அதெல்லாம் நடக்கும்’ என்றாராம். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு முதியோர் இல்லத்தில் எத்தனை மணி நேர வேலை, ஞாயிறு லீவு உண்டா என்று கேட்டிருக்கிறார். நான் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். லீவு நாளைப் பற்றி ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

வாங்குபவர்களுக்கு: ஆங்கிலம் எளிமைதான், எழுத்து அளவும் கண்ணை வதைக்காது. பழைய பிரதி கிடைத்தால் அதுவே போதும். அதைப் படித்து முடித்த கையோடு நான் ஒரு காரியம் செய்தேன், கிழவரின் ‘தோஷிபா ஆப்பிள்’. தோட்டத்து ஆப்பிளை நறுக்கி, தோஷிபா மைக்ரோவேவில் வைத்து எடுத்துப் பல நாள் அதையே சாப்பிடுவார், பெயரும் அவரே வைத்தது. என்னிடம் இருப்பது தோஷிபா இல்லை. நான்கு நிமிஷம் வைத்தேன், இரண்டரை போதும், மேலே ஒரு சிட்டிகை பட்டைத்தூள் போட்டால் தேவலை. புளிப்பு ஆப்பிளாக வாங்குங்கள், மெழுகு தடவிப் பளபளக்கிற சிவப்பு ஆப்பிள் கூழாகிவிடுகிறது.